மடு லாச்சி

வங்கியின் மன்னார் நகரக் கிளையில் இருபத்தாறு வருடம் நான் இருந்த மேசைக்கு மூன்று லாச்சிகள். மேல் லாச்சியில் முத்திரைகளும் மையும். நடுவில் என் சாப்பாட்டுப் பெட்டி. அடியில் இருந்த ஆழமான லாச்சிக்குக் கந்தோரில் எல்லாரும் வைத்த பெயர் மடு லாச்சி.

மடு மாதாவின் ஆடித் திருவிழாவுக்குத் மன்னார்த் தீவில் பாதிச் சனம் போய்விடும். காட்டுக்குள் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டு நாட்கணக்கில் தங்குவார்கள். போகமுன் என்னிடம் வருவார்கள். அந்த நாட்களில் முதிர்கிற வைப்புப் பத்திரத்தை நீட்டி, "தம்பி, இது உம்மட்ட இருக்கட்டும், வந்து கையெழுத்து வைக்கிறன்" என்பார்கள். நான் அதற்கு ஒரு றப்பர் வளையம் போட்டு லாச்சிக்குள் வைப்பேன். திருவிழா முடிந்து, தூசி படிந்த காலோடும் கையில் ஒரு பொதி கச்சான் கடலையோடும் திரும்பி வருவார்கள். கையெழுத்தை வாங்கி, பத்திரம் முதிர்ந்த அன்றைய திகதியையே போட்டு, அன்றைய வட்டியையே எழுதி, முகாமையாளருக்கு அனுப்புவேன். சட்டப்படி சரியா என்று கேட்டால், முழுக்கச் சரியில்லை. ஆனால் எந்த முகாமையாளரும் மறுத்ததில்லை. அவர்களுக்கும் கச்சான் போகும்.

கணினிகள் வந்தபோதும் லாச்சி தப்பிக்கொண்டது. அதை மூடியது கடைசியாக வந்த சிஸ்டம்தான். ஐந்து கவுண்டர் இரண்டானது. காசு வாங்குகிற இயந்திரம் ஒன்றை வாசலில் நிறுத்தினார்கள். காவலாளி பாதி நாள் அதற்குத் துணையாக நின்று சனத்துக்கு எந்த இடத்தில் தொடுவது என்று காட்டிக்கொண்டிருந்தார். பத்திரங்கள் கடதாசியை விட்டுத் திரைக்குப் போயின. ஒருவருடைய வைப்பில் நான் எதையாவது மாற்றவேண்டுமென்றால் அவருடைய போனுக்கு ஆறு இலக்கம் போகும். சில நிமிடங்களுக்குள் அவர் அதை வாசித்துச் சொல்லவேண்டும். மூன்று முறை தவறினால் அடுத்த நாள் வரை பூட்டு. கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர், "இனி ஒரு உத்தியோகத்தரும் திகதியில கை வைக்க ஏலாது" என்று என்னைப் பார்த்தே சொன்னதுபோல் எனக்குப் பட்டது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஆனாலும் நான் நல்ல ஊழியன். மடுவுக்குப் போகிறவர்களிடம், "போகமுன்னம் வந்து முன்கூட்டியே பதிஞ்சுபோட்டுப் போங்கோ, பிறகு என்னட்ட வந்து அழக்கூடாது" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாருக்கும் சொன்னேன். என் அக்காவுக்கு மட்டும் சொல்லவில்லை.

அக்கா ஓலைத்தொடுவாயில் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து திரும்பியவர்கள். அக்கா அத்தானைக் கலியாணம் செய்ததும் முகாமில்தான். அத்தான் கடலுக்குப் போகிறவர். திரும்பி வந்த நாளில் அவரிடம் இரண்டு சட்டையும் வாயும்தான் இருந்தன. அந்த வாயால் கடன் கேட்டு, அந்த வாயாலேயே பகிடி விட்டுக் கடன் தந்தவனைச் சிரிக்கவைத்து, இரண்டு வள்ளம் வரைக்கும் வந்துவிட்டார். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "என்ன வங்கி, காசு சுகமா இருக்கே?" என்றுதான் கேட்பார்.

நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அவருக்குப் பாரிசவாதம் அடித்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. மனிசன் வேலை இல்லாமல் கரையில் மீன்வாடிக்குள் இருந்து யோசித்து யோசித்தே விழுந்தார் என்று அக்கா சொல்வார். வலப்பக்கம் முழுக்கப் போனது. பேச்சும் போனது. அக்கா வள்ளங்களையும் இயந்திரங்களையும் வந்த விலைக்கு விற்றார். அடம்பனில் இருந்த தன் பங்கு வயலையும் விற்றார். எல்லாவற்றையும் கொண்டுவந்து என் கவுண்டரில் வைத்தார்.

அப்போது மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போன நேரம். நான் என் வேலைக் காலத்தில் அப்படி ஒரு வட்டியைக் கண்டதில்லை. அடகுக் கவுண்டரில் பெண்கள் நகையை மீட்கமுடியாமல் தாலிக்கொடியின் நிறையைக் கடைசி முறையாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். கடன் எடுத்தவன் தலையில் கை வைத்தான். வைப்பு வைத்திருந்தவன் மட்டும் மாதம் பிறந்தால் சிரித்துக்கொண்டு வந்தான். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் பார்த்துக்கொண்டு இருப்பது நல்ல சம்பளத்துக்கும் செய்யக்கூடிய வேலை இல்லை. அக்கா சிரிக்கிற பக்கத்தில் இருந்ததில் நான் வெட்கமில்லாமல் சந்தோசப்பட்டேன்.

வைப்பு ஒரு வருடத்துக்கு. மாதாமாதம் வட்டி கைக்கு வரும். முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்காமல், வைத்த முதல் தொகை சேமிப்புப் புத்தகத்துக்கு வந்துவிடவேண்டும் என்று அக்கா எழுதச் சொன்னார். "நாடு இருக்கிற இருப்பில காசு எட்டுற இடத்தில கிடக்கட்டும்" என்றார். அந்த நேரம் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த வட்டியில்தான் அத்தான் எழும்பத் தொடங்கினார். நகரத்திலிருந்து கிழமைக்கு மூன்று நாள் ஒரு பிசியோ வந்தார். வெள்ளாங்குளத்திலிருந்து ஒரு பெண்ணை வீட்டோடு உதவிக்கு வைத்தார் அக்கா. அந்தப் பெண்ணின் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து குடியேறியது. கூலி வேலையில் உரமேறிய கைகள், அத்தானை ஒரே தூக்கில் புரட்டிவிடுவார். பிசியோ முதல் நாளே சொல்லிவிட்டார்: "முதல் ரெண்டு வருசத்தில வாறதுதான் வரும். அதுக்குப் பிறகு பெரிசா எதிர்பாக்க வேண்டாம்." ஆகவே அந்த இரண்டு வருடத்தை எப்படியாவது ஓட்டிவிடவேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே கணக்கு. வைப்பை அதே வட்டிக்கு இன்னும் ஒரு வருடம் போட்டால் அது சரிவரும்.

பத்தாவது மாதம் அத்தானின் வலது கை திறந்தது. முட்டியாக இறுகிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்ததை அக்கா வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். கொஞ்சநாளில் "ஆ" என்ற ஒரு சத்தமும் வந்தது. எழுத்துக்கூட்டிப் பேச வைக்கலாம், பொறுமை வேண்டும் என்றார் பிசியோ. நான் கந்தோர்க் கழிவறைக்குள் போய் அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதேன்.

கை திறந்தால் திருவிழாவின் ஒன்பது நாளும் மடுவில் நிற்கிறேன் என்று அக்கா நேர்த்தி வைத்திருந்தார். வைப்பும் அந்த நாட்களுக்குள்தான் முதிர்ந்தது. போகமுன் அவர் என்னைக் கேட்டார்.

"தம்பி, வங்கிக்கு ஒருக்கா வரோணுமோ? பஸ் வெளிக்கிடப் போகுது."

"என்னத்துக்கு அக்கா? நீங்கள் போட்டு வாங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

இருபத்தாறு வருடம் சொன்ன வசனம். வாய் தானாகச் சொன்னது. ஒரு கையெழுத்தும் ஆறு இலக்கமும் அன்றைக்கே வாங்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் சொந்த அக்காவிடம் போய், "இப்ப என் கையில ஒண்டும் இல்லை அக்கா, உங்கட போனுக்குத்தான் மரியாதை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுதான் உண்மை. மறந்துபோனேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அக்கா போனை வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அத்தானுக்கு ஏதும் நடந்தால் உதவிக்கு இருக்கிற பெண் என்னைக் கூப்பிட அது வேண்டும். மடுக் காட்டில் போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் வழி கிடையாது.

முதிர்கிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம் சுற்றறிக்கை வந்தது. மத்திய வங்கி வட்டியை இறக்கத் தொடங்கியிருந்தது. அதற்கேற்ப எங்கள் வைப்பு வட்டிகளும் இறங்குகின்றன, நாளை மறுநாள் காலையிலிருந்து அமுல். அதாவது அக்காவின் வைப்பு முதிர்கிற நாள்தான் பழைய வட்டிக்குக் கடைசி நாள். எனக்குப் பதற்றமே இல்லை. நாளைக்குப் பதிந்துவிட்டால் சரி என்று வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு அக்காவின் கணக்கைத் திறந்தேன். மறுபடி ஒரு வருடம் என்று பதிந்தேன். வாடிக்கையாளரின் இலக்கத்தை இடவும் என்று திரை கேட்டது. அப்போதுதான் அக்காவின் போன் வீட்டில் கிடப்பது எனக்கு உறைத்தது. இலக்கத்தை அனுப்பிவிட்டு அக்காவின் போனுக்கு அடித்தேன். மணி போனது. எடுக்க ஆள் இல்லை. திருப்பித் திருப்பி அடித்தேன். நேரம் முடிந்து திரை சிவந்தது.

பக்கத்துக் கவுண்டரில் இருந்த, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற பெண், வேலைக்கு வந்து மூன்று வருடம்தான், மெதுவாகச் சொன்னார்: "சேர், போன் வச்சிருக்கிற ஆள் லைனில வந்தாப் பிறகு அனுப்பினால்தான் சரி. மூண்டுதரம்தான் விடும்."

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம்" என்று அவர் மேல் பாய்ந்துவிட்டு இரண்டாவது முறையும் அமத்தினேன். கோபத்தில் அமத்தினேன், வேறு காரணம் இல்லை. இந்தமுறை அக்காவின் போன் தொடர்பிலேயே இல்லை என்று மூன்று மொழியிலும் சொன்னார்கள்.

முகாமையாளரிடம் ஓடினேன். முப்பத்தைந்து வயது, நல்ல பிள்ளை. "பழைய மாதிரி ஒரு கையொப்பம் போட்டு விடுங்கோ" என்று கேட்டேன். அவர் தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதில எனக்கு அந்த இடமே இல்லை, அண்ணை. இருந்தால் போடமாட்டனே?"

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தலைமன்னார் வீதியில் அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன் ஓடியதில்லை. வீட்டில் உதவிக்கு இருந்த பெண் இல்லை. அத்தானுக்குக் கட்டிவிடுகிற பம்பஸ் முடிந்துவிட்டதென்று சந்திக் கடைக்குப் போயிருந்தார். அத்தான் கட்டிலின் ஓரத்துக்கு வந்து, விழப்போகிற நிலையில் கிடந்தார். வலது கை வெளியே தொங்கியது. அந்தக் கைக்கு நேர் கீழே, நிலத்தில், போன் கிடந்தது.

மணி அடித்தபோது அவர் அதை எடுக்கப் பார்த்திருக்கிறார். புதிதாகத் திறந்த அந்த விரல்களால். தலையணைக்குப் பக்கத்தில் இருந்ததைத் தட்டி விழுத்தியிருக்கிறார். என்னைக் கண்டதும் "ஆ, ஆ" என்று கண்ணால் நிலத்தைக் காட்டினார். நான் அவரைப் பிடித்து உள்ளே தள்ளிப் படுக்கவைத்துவிட்டுப் போனை எடுத்தேன். கண்ணாடி உடையவில்லை. என் போனில் தங்கச்சியை எடுத்து, "அனுப்பும்" என்றேன்.

ஒன்றும் வரவில்லை. அக்காவின் போனைத் திருப்பிப் பார்த்தால், இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி. எங்கள் வடகரையில் காற்று ஒத்துவந்தால் சில போன்கள் கடலுக்கு அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். முகாமிலிருந்து வந்த சனம் இதை வைத்துப் பகிடி விடும்: "நாங்கள் வந்திட்டம், போன் இன்னும் வரேல்லை." அத்தான்தான் அந்தப் பகிடியை முதலில் விட்டவர் என்றும் ஊரில் சொல்வார்கள்.

போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஓடினேன். வேலியைத் தாண்டி, பனைகளுக்குள்ளால், மணலில் செருப்புப் புதைய வீதிப் பக்கம் ஓடினேன். என் போனுக்குள் தங்கச்சி, "சேர், நேரம் போகுது, சேர்" என்றபடி இருந்தார். வீதியில் ஏறியதும் அக்காவின் போன் நாட்டுக்குத் திரும்பியது. ஒரு தாமதமும் இல்லாமல் எல்லாச் செய்திகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசி இலக்கத்தை மூச்சிரைக்க வாசித்தேன். அந்தப் பக்கம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

"நேரம் முடிஞ்சு பூட்டிட்டுது, சேர்" என்றார் தங்கச்சி. அவர் அழுதார் என்று நினைக்கிறேன்.

நான் வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். கடையால் வந்து நின்ற பெண்ணிடம், அத்தான் விழப்பார்த்தார், பிடித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். போனைத் துடைத்து அத்தானின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். வைப்பைப் பற்றி அக்கா அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

"சரிவந்திட்டுது அத்தான்" என்றேன்.

அவர் பாதி முகத்தால் சிரித்தார். தொங்கிக்கிடந்த அந்தக் கையை மெல்ல உயர்த்தி என் முழங்கையைத் தொட்டார்.

திருவிழா முடிந்து அக்கா நேரே வங்கிக்கு வந்தார். வெயிலில் கறுத்து, தொண்டை அடைத்து, கையில் கச்சான் பொதியோடு வந்தார். வைப்பு முதிர்ந்து முதல் பணம் சேமிப்பில் வந்து கிடந்தது. நான் புதிய வட்டியைச் சொன்னேன். அவருக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"ஏன் தம்பி இப்பிடிக் குறைஞ்சது?"

"மத்திய வங்கி குறைச்சுப் போட்டுது அக்கா."

"எப்ப?"

"நீங்கள் மடுவில நிக்கேக்க."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அக்கா கதிரையில் சாய்ந்தார். பிறகு, "சரி, அவங்கள் கொழும்பில இருந்து செய்யிறதுக்கு நீ என்ன செய்வாய்" என்று என்னையே தேற்றினார். கச்சான் பொதியை மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கச்சானை நான் தொடவில்லை. தங்கச்சியும் எடுக்கவில்லை. கடைசியில் காவலாளி கொண்டுபோனார்.

வட்டி குறைந்த கதையை அக்கா அன்றிரவே அத்தானுக்கும் சொல்லியிருக்கிறார். முதல் நாலு மாதம், வட்டியில் குறைந்த காசை என் கையிலிருந்து கொடுத்தேன். வங்கி ஏதோ மிகுதி தந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். ஆனால் வேறொரு இடத்தில் நான் எடுத்திருந்த வீட்டுக் கடனுக்கு அந்தப் பெரிய வட்டி அப்படியே நின்றது. வட்டி ஏறும்போது எல்லாருக்கும் சேர்ந்து ஏறும். இறங்கும்போது வைப்புக்காரனுக்கு முதலில் இறங்கும், கடன்காரனுக்கு ஆறுதலாக, மெள்ள மெள்ள இறங்கும். இதை நான் இருபத்தாறு வருடம் கவுண்டருக்கு உள்பக்கம் இருந்து பார்த்தவன். வெளிப்பக்கத்தில் இருந்து பார்த்தபோது ஐந்தாவது மாதத்துக்கு என்னிடம் காசு இருக்கவில்லை.

பிசியோ கிழமைக்கு மூன்று நாளிலிருந்து ஒரு நாளானார். பிறகு மாதத்துக்கு ஒரு நாள். வெள்ளாங்குளத்துப் பெண்ணை அக்கா தைப்பொங்கலுக்கு முன் அனுப்பிவிட்டார். அவர் போகும்போது என்னிடம், "ஐயா, ராத்திரிக்கு அவரப் பொரட்டிப் போடச் சொல்லுங்க, இல்லேன்னா முதுகு புண்ணாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா தனியே புரட்டினார். அக்காவின் இடுப்புப் போனது. அத்தானின் முதுகு புண்ணானது. கை ஒருநாளில் மூடவில்லை. சின்ன விரல் முதலில் மடிந்தது, அடுத்தது பிறகு. இப்போது அது பழையபடி முட்டியாகத்தான் இருக்கிறது. நகம் உள்ளங்கையில் வெட்டாமல் இருக்க அக்கா ஒரு துணியைச் சுருட்டி அதற்குள் வைத்திருக்கிறார்.

வட்டி அதற்குப் பிறகும் பல முறை இறங்கியது. நாடு நிமிர்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். நிமிர்ந்திருக்கும். கிளையில் இன்னொரு கவுண்டரையும் எடுத்தார்கள், எங்களில் ஐம்பது கடந்தவர்களுக்கு ஒரு தொகை தருகிறோம், விரும்பினால் போகலாம் என்றார்கள். நான் விரும்பினேன். போகிற அன்று மடு லாச்சியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தவை றப்பர் வளையங்கள், வெயிலுக்கு உருகி அடியில் ஒட்டிப்போய். இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மூடிவிட்டு வந்தேன்.

தந்த தொகையில் கடனை அடைத்தேன். மிஞ்சியதை அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாங்கிப் பிசியோவைத் திரும்பக் கூப்பிட்டார். பிசியோ வந்து கையைப் பிடித்துப் பார்த்தார், முழங்கையை மடக்கிப் பார்த்தார். "இனி வலி இல்லாமல் வச்சிருக்கிறதுதான்" என்று சொல்லி, அன்றைய காசையும் வாங்காமல் போனார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நான் ஓலைத்தொடுவாய்க்குப் போவேன். போகாமல் இருந்து பார்த்தேன். அக்கா போன் எடுத்துக் கேட்பார், போயாகவேண்டும். அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரை. மற்றவர்கள் வந்தால் அத்தான் கூரையைப் பார்த்தபடி கிடப்பார். நான் வந்தால் முகத்தைத் திருப்புவார். வாய் கோணும், கழுத்து நரம்பு புடைக்கும். "ஆ" என்று வரும். பிறகு அதற்கு அடுத்த எழுத்துக்காக உடம்பு முழுவதையும் போட்டு இழுப்பார்.

போன ஞாயிறும் அப்படித்தான். அக்கா ஒரு துணியால் அவருடைய வாயைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சந்தோசமாகச் சொன்னார்.

"பார் தம்பி. உன்னைக் கண்டால் மட்டும் ஏதோ சொல்லப் பாக்கிறார். நீ அண்டைக்கு ஓடி வந்து அவரை விழாமல் பிடிச்சதை மறக்கேல்லை போல. என்ன சொல்லுறார் எண்டு உனக்கு விளங்குதோ?"

"இல்லை அக்கா" என்றேன்.